எங்கே நின்று வேதத்தை வாசிப்பது? சிறுபான்மை இனத்தவரின் இறையியல் எழுப்பும் வினா

1935 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொழும்புச் சட்டக் கல்லூரியில் ஒரு சொற்பொழிவு இடம்பெற்றது. பேசியவர் ஹவார்ட் தேர்மன் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் போதகர். அமெரிக்க மாணவர்களின் சார்பில் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு நல்லெண்ணப் பயணம் மேற்கொண்ட குழுவுக்கு அவரே தலைவர். சொற்பொழிவு முடிந்த பின்னர், தம்மை ஓர் இந்து என்று கூறிக்கொண்ட ஒருவர் தேர்மனிடம் ஒளிவுமறைவின்றி ஒரு கேள்வியைக் கேட்டார்.

தேர்மனின் முன்னோரை ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கொண்டு சென்று விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். அடிமைகளை ஏற்றிய கப்பலொன்று இயேசுவின் பெயரையே தாங்கியிருந்தது. அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வேதத்தைக் காட்டியே போதிக்கப்பட்டது. அடிமைமுறை ஒழிந்த பின்னரும் கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொன்றவர்களும், தமது தேவாலயங்களில் அவர்களை அருகே அமர விடாதவர்களும் அதே சமயத்தவர்களே. இவ்வாறிருக்க, அந்தச் சமயத்தின் சார்பில் அவர் இங்கு வந்து நிற்பது வெள்ளையரல்லாத மக்கள் அனைவருக்கும் இழைக்கும் துரோகமல்லவா? கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இதுவே.

அன்று தொடங்கிய உரையாடல் சில மணி நேரம் நீடித்ததாகத் தேர்மன் பின்னர் எழுதினார். ஆயினும் அக்கேள்விக்கான முழுமையான பதில் 14 ஆண்டுகளின் பின்னரே வந்தது. 1949 இல் வெளியான, 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட சிறுநூலே அந்தப் பதில். அந்நூலில் கொழும்புச் சம்பவத்தை அவரே விவரிக்கின்றார். நமது மண்ணில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, உலக இறையியல் வரலாற்றில் ஒரு புதிய போக்குக்கு உரமிட்டது என்பது இங்கு அதிகம் பேசப்படாத செய்தியாகும். சிறுபான்மை இனங்களிலிருந்து எழுந்த இறையியலாளர்கள் எதைக் கேட்டார்கள், எவ்வாறு விடை தேடினார்கள், அவர்களுக்குள் எழுந்த வாதங்கள் நமக்கு எதைக் கற்பிக்கின்றன என்பதை ஆராய அச்சம்பவமே பொருத்தமான தொடக்கம் எனக் கருதுகின்றோம்.

அடைமொழி யாருக்கு?

கிறிஸ்தவர்கள் இறையியல் என்றும், முஸ்லிம்கள் அகீதா, இல்முல் கலாம் என்றும், சைவர்கள் சித்தாந்தம் என்றும் வழங்கும் துறைகள் அனைத்தும் ஒரே வகையான முயற்சியின் வடிவங்களே. இறைவன், மனிதன், உலகு ஆகியவற்றின் உறவை நம்பிக்கையின் அடிப்படையிலும் அறிவின் துணையுடனும் விளக்குவதே அம்முயற்சி. இதற்கு வேதம் வேண்டும். வேதத்தை அணுகும் கேள்வியும் வேண்டும். வேதம் எல்லோருக்கும் பொதுவானது. கேள்வி அவ்வாறன்று. அது கேட்பவரின் வாழ்விலிருந்தே பிறக்கின்றது.

ஜேர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் எழுதப்பட்டவை நெடுங்காலமாக எவ்வித அடைமொழியுமின்றி 'இறையியல்' என்றே அழைக்கப்பட்டு வந்தன. கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் எழுதியவற்றுக்கு மட்டும் 'கறுப்பு இறையியல்', 'பழங்குடி இறையியல்' என அடைமொழிகள் சூட்டப்பட்டன. முன்னையது எல்லோருக்கும் உரியது, பின்னையது ஒரு சாராருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் இதனால் வேரூன்றிற்று. ஐரோப்பியரின் கேள்விகளும் ஐரோப்பிய வாழ்விலிருந்தே பிறந்தவை. அவர்கள் பெரும்பான்மையாகவும் ஆளுவோராகவும் இருந்தமையால் தாம் நின்ற இடம் அவர்களுடைய கண்ணுக்கே புலப்படவில்லை. சிறுபான்மையினரின் இறையியல் செய்த முதற் பணி, எல்லோரும் ஏதோ ஓரிடத்தில் நின்றே வேதத்தை வாசிக்கின்றனர் என்ற உண்மையை எடுத்துக்காட்டியமையே.

வெட்டப்பட்ட வேதமும் ஓர் அரபுக் கையெழுத்துப் பிரதியும்

வாசிப்பவரின் இடம் எத்துணை முக்கியமானது என்பதை அடிமைகளின் எசமானர்கள் நன்கு அறிந்திருந்தனர். 1807 இல் லண்டனில் அச்சிடப்பட்ட ஒரு நூல் இதற்குச் சான்று. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட விவிலியப் பகுதிகளே அதில் இருந்தன. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ பாதியும் அதில் நீக்கப்பட்டிருந்தன. எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து மோசே தம் மக்களை மீட்டுச் சென்ற வரலாறு அதில் இல்லை. அடிமையாக விற்கப்பட்டும் எசமானருக்கு உண்மையாகப் பணியாற்றிய யோசேப்பின் கதை இருந்தது. கீழ்ப்படியுமாறு அடிமைகளுக்குக் கூறும் திருமுகப் பகுதியும் இருந்தது. வேதத்தை அடிமைகள் முழுமையாக வாசித்தால் என்ன நேரும் என்ற அச்சம் அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு நீக்கலிலும் வெளிப்படுகின்றது.

தேர்மனின் பாட்டியார் அடிமையாகப் பிறந்தவர், எழுத்தறிவற்றவர். பேரன் விவிலியத்தை வாசிக்க அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் பவுலின் திருமுகங்களை மட்டும் வாசிக்க விடுவதில்லை. அன்பைப் பற்றிய ஓர் அதிகாரம் மாத்திரம் சில வேளைகளில் அனுமதிக்கப்படும். எசமானரின் போதகர் அடிமைகளுக்குப் போதிக்க எடுத்தாண்டவை பவுலின் சொற்களே என்பதே இதற்குக் காரணம். விடுதலை கிடைத்தால் அப்பகுதியை இனி வாசிப்பதில்லை என்று அப்பெண்மணி தமக்குள் உறுதி பூண்டிருந்தார். எழுத்தறியாத ஒரு முதிய பெண் செய்த இந்தத் தெரிவும் இறையியலே. எது இறைவனின் சொல், எது எசமானனின் சொல் என்பதை அவர் தமது வாழ்வைக்கொண்டு பகுத்தறிந்தார்.

அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அடிமைகளுள் முஸ்லிம்களும் இருந்தனர். மேற்கு ஆபிரிக்காவின் பூத்தா தோரோ பிரதேசத்தில் மார்க்கக் கல்வி கற்ற உமர் இப்னு ஸஈத் அவர்களுள் ஒருவர். 1807 இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட அவர், பின்னர் வட கரோலினாவில் வாழ்ந்து, 1831 இல் தமது வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். அப்பிரதி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றது. தமது கதையைக் கூறுமுன் அவர் எழுதியது ஸூரத்துல் முல்க். ஆட்சியும் உடைமையும் இறைவனுக்கே உரியன என்று பறைசாற்றும் அத்தியாயம் அது. இன்னொரு மனிதனின் உடைமையாகப் பதியப்பட்ட ஒருவர் தமது வரலாற்றை அவ்வத்தியாயத்துடன் தொடங்கியதன் பொருளை வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

சிலுவையும் மரமும்

இவ்வாறு வீடுகளிலும் வயல்களிலும் பாடல்களிலும் இருந்து வந்த சிந்தனை, பல்கலைக்கழகத்தின் கல்விசார் மொழியில் இடம்பிடித்தது 1960 களின் இறுதியிலேயாகும். இதில் முதன்மையானவர் ஜேம்ஸ் கோன். 1938 இல் ஆர்கன்சோ மாநிலத்தில் பிறந்த அவர், சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற இறையியலாளர் கார்ல் பார்த்தின் சிந்தனையை ஆராய்ந்து 1965 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1967 ஜூலையில் டெட்ரொயிட் நகரில் மூண்ட கலவரத்தில் 43 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். தாம் கற்ற ஐரோப்பிய இறையியலில் இம்மரணங்களைப் பற்றித் தமது மக்களிடம் சொல்வதற்கு எதுவுமில்லை என்பதைக் கோன் உணர்ந்தார். அந்தக் கோபத்தில் 1968 இன் கோடையில் எழுதப்பட்டு 1969 இல் வெளிவந்ததே கறுப்பு இறையியலையும் கறுப்பின அதிகாரத்தையும் பற்றிய அவரது முதல் நூல்.

1970 இல் வெளியான இரண்டாவது நூலில் இறைவன் கறுப்பர் என்று கோன் எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. தோலின் நிறத்தைப் பற்றி அவர் பேசவில்லை. அடிமைப்பட்டோரின் பக்கம் நிற்பதாக வேதம் கூறும் இறைவன், அமெரிக்காவில் எவர் பக்கம் நிற்பார் என்பதே அவருடைய கேள்வி. ஏறத்தாழ இதே காலத்தில், 1971 இல், பெருவைச் சேர்ந்த குருவானவர் குஸ்தாவோ குத்தியேரஸ் விடுதலை இறையியல் பற்றிய தமது நூலை வெளியிட்டார். வெவ்வேறு துயரங்களிலிருந்து புறப்பட்ட இருவரும் ஒரே வினாவை வந்தடைந்தனர்.

கோன் 2011 இல் வெளியிட்ட நூல் இயேசுவின் சிலுவையையும், கறுப்பினத்தவர் தூக்கிலிடப்பட்ட மரத்தையும் ஒன்றாக வைத்து நோக்குகின்றது. டஸ்கீகி நிறுவனத்தின் பதிவுகளின்படி 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் 3,446 கறுப்பினத்தவர் கும்பல்களால் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். பல கொலைகள் ஆயிரக்கணக்கானோர் திரண்ட பொது நிகழ்வுகளாக நடந்தேறின. அவற்றின் புகைப்படங்கள் தபாலட்டைகளாக விற்கப்பட்டன. உரோமர்களின் சிலுவையும் அடிமைகளையும் கலகக்காரரையும் அச்சுறுத்துவதற்காகப் பகிரங்கமாக நிறைவேற்றப்பட்ட தண்டனையே. இந்த ஒற்றுமை அமெரிக்காவின் தலைசிறந்த வெள்ளையின இறையியலாளர்களின் கண்ணுக்கு ஏன் தென்படவில்லை என்று கோன் கேட்டார். சிலுவையைத் தமது சிந்தனையின் மையமாகக் கொண்டிருந்த ரைன்ஹோல்ட் நீபர் கூட அவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. அதேவேளை, 1939 இல் பில்லி ஹொலிடே என்ற பாடகி மரத்தில் தொங்கும் உடலைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார். அறிஞர்கள் காணாததைப் பாடகி கண்டார்.

நீபருக்கு அறிவோ நேர்மையோ குறைவு என்று எவரும் கூறவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அந்த மரம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் அது இறையியலின் விடயமாகத் தோன்றவில்லை. பெரும்பான்மை இனத்தின் நல்ல மனிதர்கள் கூட எதைக் காணத் தவறுகின்றனர் என்பதை அறிய விரும்புவோர் இந்நூலைப் படித்தல் வேண்டும்.

ஆமாம் சாமிகளின் கூட்டமல்ல

சிறுபான்மையினரின் இறையியலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. அது ஒருமித்த குரலில் எழுப்பப்படும் முறைப்பாடு மாத்திரமே என்பதுதான் அந்த எண்ணம். உண்மையில் கோனுக்கு எதிரான கூர்மையான விமர்சனங்கள் அவருடைய சொந்தச் சமூகத்திலிருந்தே வந்தன. கறுப்பின மக்களின் இறையியல் என்று கூறிக்கொண்டு ஐரோப்பிய அறிஞர்களையே தம்பி துணைக்கழைக்கின்றார் என்று அவருடைய தமையனாரான செசில் கோன் குறைகூறினார். அடிமைகளின் ஆன்மிகப் பாடல்களையும் தேவாலயச் சாட்சியங்களையும் மூலங்களாகக் கொண்டு கோன் 1972 இலும் 1975 இலும் வெளியிட்ட நூல்கள் இத்தகைய விமர்சனங்களின் பின்னணியில் எழுந்தவை. விடுதலையோடு நல்லிணக்கமும் சேர்ந்தே செல்ல வேண்டும் என 1971 இல் ஜே. டியோட்டிஸ் ரொபர்ட்ஸ் வாதிட்டார்.

எல்லாவற்றிலும் கடுமையான வினாவை எழுப்பியவர் வில்லியம் ஜோன்ஸ். 'கடவுள் ஒரு வெள்ளையின வெறியரா?' என்று தலைப்பிட்ட அவரது நூல் 1973 இல் வெளிவந்தது. இறைவன் ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நிற்கின்றார் என்று கூறுவதற்கு ஆதாரம் எங்கே என்று அவர் கேட்டார். நூற்றாண்டுகளாக நீளும் ஓர் இனத்தின் துன்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அதற்கு நேர்மாறான முடிவுக்கும் வரலாமல்லவா? இது நாத்திகனின் கேலியல்ல. தமது சக இறையியலாளர்கள் சான்றின்றி ஆறுதல் கூறக்கூடாது என்ற அறிவு நேர்மையே அதன் ஊற்று.

இவ்வினாவுக்கு 2009 இல் ஒரு முஸ்லிம் அறிஞர் விடையளித்தார் என்பது நமது வாசகர்களின் விசேட கவனத்துக்குரியது. அமெரிக்கக் கறுப்பினத்தவரான பேராசிரியர் ஷேர்மன் ஜெக்சன், இஸ்லாமும் கறுப்பினத்தவரின் துன்பமும் பற்றித் தாம் எழுதிய நூலில், ஜோன்ஸின் கேள்வியை இல்முல் கலாமின் பழம்பெரும் சிந்தனைப் பிரிவுகளின் முன் வைத்தார். முஃதஸிலாக்கள் இறைவனின் நீதியை முதன்மைப்படுத்தி, மனிதனின் செயலுக்கு மனிதனே முழுப் பொறுப்பு என்றனர். அஷ்அரிய்யாக்கள் இறைவனின் வல்லமைக்கு எல்லை வகுக்க மறுத்தனர். மாத்துரீதிய்யாக்கள் இறைவனின் ஞானத்தை வலியுறுத்தினர். மூலவசனங்களோடு நின்றுகொள்ளும் மரபினரும் இருந்தனர். இவற்றுள் எதனைப் பின்பற்றினாலும், அநீதியைக் கைகட்டி ஏற்றுக்கொள்ளுமாறு இறைநம்பிக்கை கோருவதில்லை என்பதே ஜெக்சனின் வாதத்தின் உட்கிடை. நமது அரபு மத்ரஸாக்களில் பாடமாக ஓதப்படும் அகீதா விவாதங்கள், இருபத்தோராம் நூற்றாண்டில் வாழும் இனமொன்றின் உயிர்த் துடிப்பான கேள்விக்குப் பதிலளிக்க எடுத்தாளப்பட்டன. பழைய கல்வி பழையதாகவே இருந்துவிட வேண்டும் என்பதில்லை.

ஆகாரும் ஹாஜராவும்

கறுப்பின ஆண் இறையியலாளர்கள் தமது சொந்த வீட்டிலேயே ஒருவரைக் காணத் தவறினர். அவர்களுடைய நூல்களில் பெண்கள் இல்லை. ஜெக்குலின் கிராண்ட் 1979 இல் இதனைச் சுட்டிக்காட்டினார். தமது முதல் நூல் மறுபதிப்புக் கண்டபோது கோன் இக்குறையை ஒப்புக்கொண்டார். ஆண்களை மட்டும் குறித்த தமது பழைய மொழிநடையைத் திருத்தாமல், தமது தவறின் நினைவாக அவ்வாறே விட்டுவைத்தார். தவறை மறைத்துத் திருத்துவதிலும் வெளிப்படையாக விட்டுவைப்பது கடினமானது.

1993 இல் டெலோரஸ் வில்லியம்ஸ் வெளியிட்ட நூல் இவ்விமர்சனத்தை இன்னும் ஆழத்துக்குக் கொண்டு சென்றது. கறுப்பின இறையியல் யாத்திராகமத்தை, அதாவது எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை, தனது ஆதார வரலாறாகக் கொண்டிருந்தது. வில்லியம்ஸ் அதே வேதத்தில் இன்னொரு வரலாற்றைக் காட்டினார். ஆபிரகாமின் மனைவி சாராளின் எகிப்திய அடிமைப் பெண்ணான ஆகாரின் வரலாறு அது. ஆதியாகமத்தின்படி, கொடுமை தாளாது ஆகார் பாலைவனத்துக்கு ஓடுகின்றாள். அங்கே தோன்றும் தேவதூதர் அவளை விடுவிக்கவில்லை. எசமானியிடமே திரும்பிச் செல்லுமாறு கூறுகின்றார். பின்னர் அவள் தன் பிள்ளையுடன் வெளியேற்றப்படுகின்றாள். குழந்தை தாகத்தால் சாகும் நிலையில் ஒரு நீர்நிலை அவளுக்குக் காட்டப்படுகின்றது.

வில்லியம்ஸ் சொல்லவந்தது இதுதான்: இறைவன் எப்போதும் செங்கடலைப் பிளந்து விடுதலை தருவதில்லை. சில வேளைகளில் அவர் தருவது உயிர் பிழைப்பதற்கான வழியை மாத்திரமே. பிறர் பிள்ளைகளை வளர்த்து, பிறர் வீட்டு வேலை செய்து, தம் பிள்ளைகளைக் காப்பாற்றிய கறுப்பினப் பெண்களின் தலைமுறைகள் ஆகாரிலேயே தம்மைக் கண்டனர். எகிப்திலிருந்து விடுபட்ட இஸ்ரவேலருக்கே பின்னர் அடிமைகளை வைத்திருக்கச் சட்டம் இடமளித்தது என்பதையும் வில்லியம்ஸ் நினைவூட்டினார். விடுதலை பெற்றவர் அடுத்தவரை அடிமை கொள்ள முடியும்.

ஆகார், முஸ்லிம் வாசகர்கள் ஹாஜரா (அலை) என்று கண்ணியத்துடன் அழைக்கும் அதே அம்மையாரே. இஸ்லாமிய மரபில் அவரது வரலாறு வேறொரு திருப்பம் கொள்கின்றது. இறைகட்டளையின்படியே இப்ராஹீம் நபி (அலை) அவரையும் குழந்தை இஸ்மாயீலையும் (அலை) வரண்ட பள்ளத்தாக்கில் விட்டுச் செல்கின்றார். இது இறைவனின் கட்டளையா என்று கேட்டு, ஆம் என்றதும், அவ்வாறாயின் இறைவன் தம்மைக் கைவிடமாட்டான் என்று அம்மையார் தேறுகின்றார். தண்ணீர் தேடி ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு தடவை ஓடுகின்றார், ஸம்ஸம் பெருக்கெடுக்கின்றது. அந்த ஓட்டமே ஹஜ்ஜிலும் உம்றாவிலும் ஸஃயு எனும் தொங்கோட்டமாக நிலைபெற்றது. பணிப்பெண்ணாக இருந்த ஒரு தாயின் காலடிகளை அரசனும் அறிஞனும் செல்வந்தனும் பின்பற்றியே ஆகவேண்டும்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஆமினா வதூத் 2006 இல் வெளியிட்ட நூலொன்றில் இதனையே வினாவாக்கினார். கடமையான வணக்கத்தில் ஹாஜரா அம்மையாரின் ஓட்டத்தை நினைவுகூரும் சமூகம், கணவனின் துணையின்றித் தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மாரின் நிலையைத் தனது சட்டச் சிந்தனையில் எந்தளவு கருத்திற்கொள்கின்றது என்று அவர் கேட்டார். வதூதின் வேறு சில நிலைப்பாடுகளை உலமாக்களுட் பெரும்பாலோர் ஏற்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே. எனினும் கேள்வியைக் கேட்டவரோடு முரண்படுவது கேள்விக்கு விடையாகாது. போரினாலும் இடம்பெயர்வினாலும் குடும்பப் பொறுப்பைத் தனித்துச் சுமக்க நேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வாழும் நமது வடக்கிலும் கிழக்கிலும், ஆகாரைப் பற்றியும் ஹாஜராவைப் பற்றியும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் எத்தனை பிரசங்கங்கள் இந்த நோக்கில் நிகழ்த்தப்பட்டுள்ளன?

கானானியரின் குரல்

1989 இல் வெளியான ஒரு குறுங்கட்டுரை விடுதலை இறையியலாளர்களைத் திகைக்க வைத்தது. எழுதியவர் ஒசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ரொபர்ட் வொரியர். யாத்திராகமக் கதையை எல்லா ஒடுக்கப்பட்டோரும் கொண்டாடுகின்றனர். அந்தக் கதை செங்கடலோடு முடிவதில்லை. வாக்களிக்கப்பட்ட நாட்டில் ஏற்கனவே மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் கானானியர். அவர்களை அழித்து நிலத்தைக் கைப்பற்றுமாறு கதை தொடர்கின்றது. அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர் தம்மைப் புதிய இஸ்ரவேலராகக் கருதியே பழங்குடியினரின் நிலத்தைப் பறித்தனர். எனவே இக்கதையைப் படிக்கும் பழங்குடி மனிதன் தன்னை மோசேயோடு அல்ல, கானானியனோடேயே இனங்காண்கின்றான் என்றார் வொரியர்.

இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கானான் படையெடுப்பு வேதம் விவரிக்கும் அளவில் வரலாற்றில் நிகழவில்லை என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆனால் வொரியரின் பதில் உறுதியானது: நடந்ததோ இல்லையோ, மக்கள் செயற்படுவது வாசித்த கதையைக் கொண்டே. ஆகவே கானானியரைக் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்து வாசிக்காத எந்த விடுதலை இறையியலும் ஆபத்தானது.

தேர்மனிலிருந்து வொரியர் வரை வரும்போது ஓர் ஒழுங்கு நமக்குப் புலப்படுகின்றது. வெள்ளையின அறிஞர் காணாததைக் கோன் கண்டார். கோன் காணாததை வில்லியம்ஸ் கண்டார். கதையின் முதற்பாதியிலேயே நின்றுவிட்ட அனைவரும் காணாததை வொரியர் கண்டார். ஒவ்வொருவரும் முன்னவரை நிராகரிக்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து மறைந்திருந்த ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டினர். சிறுபான்மையினரின் இறையியல் புலமை என்ற தகுதியைப் பெறுவது இதனாலேயே. துன்பம் ஒருவருக்குப் புதிய பார்வையைத் தரலாம். ஆனால் துன்பப்பட்டவர் என்ற காரணத்தினால் மட்டும் அவர் பிறருக்கு இழைக்கும் அநீதி நீதியாகிவிடாது.

இவையெல்லாம் சமயப் போர்வையில் பேசப்படும் அரசியலே என்று சிலர் வாதிடலாம். வேதம் காலத்துக்கும் இனத்துக்கும் அப்பாற்பட்டது என்றும், அதனை நிறத்தின் கண்கொண்டு பார்த்தல் தகாது என்றும் கூறலாம். இக்கவலையில் நியாயம் இல்லாமலில்லை. இறைவனை ஓர் இனத்தின் கொடியாக்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. ஆயினும் அந்த அபாயம் பெரும்பான்மையினருக்கே அதிகம்; அடிமைகளுக்கென வேதத்தை வெட்டிக் குறைத்தவர்கள் தம்மை அரசியல்வாதிகள் என்று கூறிக்கொள்ளவில்லை. அபாயத்துக்கு மருந்து, நிற்கும் இடத்தை மறைப்பதன்று. அதனை வெளிப்படையாகக் கூறி, வேறிடத்தில் நிற்பவரின் விமர்சனத்துக்கு அதனை உட்படுத்துவதேயாகும்.

நமது இடம்

இவ்விவாதங்களுக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு 1935 உடன் முடியவில்லை. 1976 இல் தன்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் உருவான மூன்றாம் உலக இறையியலாளர்களின் ஒன்றியம், தனது ஆசிய மாநாட்டை 1979 ஜனவரியில் வென்னப்புவவில் நடத்தியது. ஆசியாவில் வறுமையையும் சமயங்களின் பன்மையையும் பிரித்துப் பார்த்து இறையியல் செய்ய முடியாது என்று அருட்தந்தை அலோசியஸ் பீரிஸ் அங்கே முன்வைத்த கருத்து உலகெங்கும் கவனிக்கப்பட்டது. இலங்கைத் தமிழரான மெதடிஸ்தப் போதகர் கலாநிதி வெஸ்லி அரியராஜா, பிற சமயத்தவரைப் பற்றி விவிலியம் கூறுவதை ஆராய்ந்து 1985 இல் ஒரு நூலையும், அயலவரின்றித் தமக்கு எதுவுமில்லை என்ற பொருள்தரும் தலைப்பில் 1999 இல் இன்னொரு நூலையும் வெளியிட்டார். இவை ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன.

தமிழ் பேசும் மக்களாகிய நாம், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், இந்நாட்டில் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். நமக்கு இழைக்கப்பட்டவற்றை நாம் நன்கு அறிவோம். பேசியும் எழுதியும் வருகின்றோம். ஆனால் நாமே பெரும்பான்மையாகவோ ஆயுதம் தாங்கியோராகவோ இருந்த இடங்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். கிழக்கின் தமிழ்க் கிராமங்களிலும் இரத்தம் சிந்தப்பட்டது. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் கொல்லப்பட்டோரில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர். அடுத்த மாதம் தாக்கப்பட்டவை அக்குற்றத்தில் எப்பங்குமற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும். ஒவ்வொரு சமூகமும் தனது செங்கடலை நினைவில் வைத்திருக்கின்றது. தனது கானானியரை யார் நினைவில் வைத்திருக்கின்றார்கள்?

இதனை அரசியல் தலைவர்கள் பேசித் தீர்க்கட்டும் என்று சமய அறிஞர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நமது மக்களில் பெரும்பாலோர் நன்மை தீமையைக் கற்பது மேடைகளிலன்று. ஞாயிறு ஆராதனையிலும் ஜும்ஆப் பிரசங்கத்திலும் ஆலயத்தின் சமயச் சொற்பொழிவிலுமே. குருமடங்களும் மத்ரஸாக்களும் பல்கலைக்கழகங்களின் சமயத் துறைகளும், நமது வரலாற்றை முன்வைத்து வேதங்களைத் தமிழில் ஆராயும் நூல்களை வெளிக்கொணர வேண்டும். அவை நமது துயரை மட்டுமன்றி, நம்மால் பிறருக்கு நேர்ந்த துயரையும் பேசுவனவாக இருத்தல் வேண்டும். ஒரு சமூகத்தின் அறிஞர் எழுதியதை மற்றச் சமூகத்தின் அறிஞர் படித்து, தயக்கமின்றி விமர்சிக்கும் வழக்கமும் உருவாக வேண்டும்.

கொழும்பில் கேட்கப்பட்ட கேள்வி மரியாதையாகக் கேட்கப்பட்டது; ஆனால் கசப்பானது. தேர்மன் அதனை அவமதிப்பாகக் கொள்ளவில்லை. 14 ஆண்டுகள் அதனைச் சுமந்து, ஒரு நூலாக விடையளித்தார். நமது அயலவர் நம்மிடம் கேட்பதற்கும் அத்தகைய கேள்விகள் உண்டு. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் கேள்வி முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. விடை இன்னும் எழுதப்படவில்லை.